அச்சடிக்க ஒரு பட்டன், கண்ணாடியைத் தூக்க ஒரு யாத்திரை

2005-இல் வந்த கேனான் இஓஎஸ் 5டி-யின் பின்பக்கத்தில் ஒரு பட்டன் உண்டு. கேமராவை கேபிள் போட்டு பிரிண்டரோடு இணைத்துவிட்டு அதை அழுத்தினால், கம்ப்யூட்டர் இல்லாமலே படம் அச்சாகி வெளியே வரும். வேலை செய்யும்போது நீல விளக்கு வேறு எரியும். அமெரிக்காவில் 3,299 டாலருக்கு விற்ற, இயற்கைக் காட்சி எடுப்பவர்களும் ஸ்டுடியோக்காரர்களும் ஆசைப்பட்டு வாங்கிய 12.8 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமரா அது. வாங்கியவர்களில் எத்தனை பேர் அதைக் கொண்டுபோய் நேராகப் பிரிண்டரில் செருகியிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதே கேமராவில், ட்ரைபாடில் வைத்து எடுக்கும்போது நிஜமாகவே தேவைப்படும் மிரர் லாக்-அப் வசதியும் இருந்தது, அதாவது கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடியைப் படம் பதிவதற்கு முன்பே தூக்கி நிறுத்திவிடுவது. ஆனால் அதற்குப் பட்டன் கிடையாது. மெனுவைத் திறந்து, கஸ்டம் ஃபங்ஷன் வரைக்கும் சக்கரத்தைச் சுற்றி, செட் அழுத்தி, 12-ஆம் எண்ணுக்குப் போய், மறுபடி செட் அழுத்தி, 0-வை 1 ஆக்கி, இன்னொரு செட் அழுத்தி, மெனுவை மூடி வெளியே வர வேண்டும். படம் எடுத்து முடித்ததும் திரும்ப 0 ஆக்க அதே யாத்திரை. இது விடியற்காலைக் குளிரில், வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டிருக்கும்போது.

அந்தக் காலத்தில் 5டி வைத்திருந்தவர்கள் இந்த ஒப்பீட்டைச் சொல்லிச் சொல்லியே மாய்ந்தார்கள். நான் இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் பழைய குறையைக் கிளறுவது இல்லை. கேமரா அதிர்வு என்று பேச ஆரம்பித்தாலே எல்லோரும் ட்ரைபாடின் கனத்தைப் பற்றியும் கார்பன் ஃபைபரைப் பற்றியும் பேசுகிறார்கள். பாதிப் பிரச்சினை கேமராவின் பட்டன்களில் இருக்கிறது என்பதை 5டி மாதிரி தெளிவாகக் காட்டும் கேஸ் வேறு எனக்குத் தெரியவில்லை.

முதலில் அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் ஷட்டருக்கும் நடுவே ஒரு கண்ணாடி சாய்வாக நிற்கிறது, அதனால்தான் வியூஃபைண்டரில் காட்சி தெரிகிறது. பட்டனை அழுத்தியதும் அது சட்டென்று மேலே போய் முட்டி நிற்கும், பிறகு ஷட்டர் திறக்கும். முட்டுவதற்கும் திறப்பதற்கும் நடுவே கண்ணிமைக்கும் நேரம்கூடக் கிடையாது, அதனால் கேமரா இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே சென்சார் ஒளியை வாங்க ஆரம்பித்துவிடுகிறது. டெலிபோட்டோ லென்ஸ் மாட்டிய கேமராவை நடுத்தரமான ஒரு ட்ரைபாடில் வைத்து விரலால் சுண்டினால் விநாடிக்குப் பத்து இருபது தடவை ஆடும். அப்படியென்றால் ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 1/10 முதல் 1/20 விநாடி. ஷட்டர் வேகமும் அதே அளவில் இருந்தால் ஒரு முழு ஆட்டமும் படத்தில் பதிந்துவிடும்.

அதனால்தான் இது வினோதமான வியாதி. 1/500-இல் எடுத்தால் தெரியாது, கேமரா நகர்வதற்குள் எடுத்து முடிந்துவிடும். 10 விநாடி திறந்து வைத்தாலும் தெரியாது. ஆட்டம் முதல் அரை விநாடியில் அடங்கிவிடும், மீதி ஒன்பதரை விநாடி ஒளியும் சுத்தமாக விழும். சுமார் 1/2 முதல் 1/60 வரை, அதிலும் 1/8, 1/15 பக்கத்தில்தான் கெடுதல் அதிகம். விடியலிலும் அந்தியிலும், லென்ஸின் துளையை, அதாவது அப்பர்ச்சரை, சின்னதாக வைத்து எடுக்கும்போது வந்து நிற்கும் வேகங்கள் எவை? இவையேதான்.

எவ்வளவு ஆடினால் படம் கெடும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. 5டி-யின் ஒரு பிக்சல் 8.2 மைக்ரான் அகலம். 300 மிமீ லென்ஸ் மாட்டினால், அந்த லென்ஸும் ஏறக்குறைய முப்பது சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், அதன் மூக்கு 8 மைக்ரான் மேலே எழும்பினாலே காட்சி ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். தலைமுடி ஒன்றின் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பத்து வருஷம் கழித்து அதே வரிசையில் வந்த 50 மெகாபிக்சல் 5டிஎஸ்-இல் பிக்சல் 4.1 மைக்ரானாகச் சுருங்கியது, அங்கே முடியில் இருபதில் ஒரு பங்கு போதும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது கணக்கில் இல்லை, எங்கள் மொட்டை மாடியில். ஊர்க் கோபுரத்தை அந்தி நேரத்தில் 300 மிமீ லென்ஸில் எடுத்துக்கொண்டிருந்தேன், ஒரு படமும் கூர்மையாக வரவில்லை. லென்ஸைத்தான் திட்டினேன். அப்புறம் ஒருநாள் கோபுரத்துக்குப் பின்னால் இருந்த மொபைல் டவரின் சிவப்பு விளக்கைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தால், புள்ளியாக இருக்க வேண்டியது நெட்டுக்குத்தாக ஓர் அரிசி மணி மாதிரி நீண்டிருக்கிறது. ஃபோகஸ் தப்பியிருந்தால் வட்டமாக உப்பியிருக்கும், காற்றில் ஆடியிருந்தால் கோணல்மாணலாக வந்திருக்கும். எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி மேலும் கீழுமாக நீண்டால் குற்றவாளி கேமராவுக்குள்ளேயே இருக்கிறான். கண்ணாடியை முன்கூட்டியே தூக்கிவிட்டு எடுத்ததும் அரிசி மறுபடி புள்ளியானது. உங்கள் கேமராவைச் சோதிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது: தூரத்தில் நிலையாக எரியும் ஒரு சின்ன விளக்கு, 1/2 முதல் 1/125 வரை ஒவ்வொரு வேகத்திலும் இரண்டிரண்டு படம், ஒன்று சாதாரணமாக, ஒன்று கண்ணாடியைத் தூக்கி வைத்து. மாடியில் சோதிப்பதாக இருந்தால் கீழே தண்ணீர் மோட்டார் ஓடாத நேரமாகப் பாருங்கள், தளமே நடுங்கும்.

சரி, 5டி-க்கு வருவோம்.

கஸ்டம் ஃபங்ஷன் 12-ஐ 1 ஆக்கிய பிறகு என்ன நடக்கும் என்றால், ஷட்டர் பட்டனை முதல் தடவை அழுத்தினால் கண்ணாடி மட்டும் மேலே போகும், வியூஃபைண்டர் இருட்டாகும். இரண்டாம் தடவை அழுத்தினால் படம் விழும். 30 விநாடி சும்மா இருந்தால் கண்ணாடி தானாகக் கீழே வந்துவிடும். கையால் இரண்டு முறை அழுத்தினால் கண்ணாடி அதிர்வு போய் விரல் அதிர்வு வந்து சேரும் என்பதால் ரிமோட் கேபிள் வேண்டும், அல்லது செல்ஃப் டைமர் வேண்டும். இந்த இடத்தில்தான் வடிவமைத்தவர்கள் ஒரு நல்ல காரியம் செய்து அதையும் ஒளித்து வைத்தார்கள். 5டி-யின் செல்ஃப் டைமர் சாதாரணமாக 10 விநாடி. மிரர் லாக்-அப் போட்டிருந்தால் மட்டும் அது 2 விநாடியாகிவிடும்: ஒருமுறை அழுத்தினால் கண்ணாடி எழும்பும், இரண்டு விநாடி அடங்கும், படம் விழும். ட்ரைபாடில் வேலை செய்பவருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு தேவையே இல்லை. ஆனால் அதை அடைய மெனுவில் ஓர் அமைப்பு, ஒற்றைப் படமா, தொடர் படமா, டைமரா என்று தேர்ந்தெடுக்கும் டிரைவ் பட்டனில் இன்னொரு அமைப்பு என்று இரண்டு வேறு இடங்களைத் தொட வேண்டும், திரும்பும்போது இரண்டையும் மறக்காமல் மாற்ற வேண்டும்.

மறக்காமல் என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது. என்னிடம் இருந்தது வேறு கேமரா, ஆனால் அதிலும் இது மெனுவுக்குள்தான். சனிக்கிழமை மாலை கோபுரம் எடுத்துவிட்டு அப்படியே மூடி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளுக்குக் காதுகுத்து. ஆசாரி ஊசியை எடுக்கிறார், குழந்தை மாமன் மடியில் வாயைப் பிளக்கிறது, நான் அழுத்துகிறேன், டக் என்று ஒரு சத்தம், வியூஃபைண்டர் கறுப்பு. கேமரா செத்துவிட்டது என்றே நினைத்தேன். ஸ்விட்சை அணைத்துப் போட்டு, பேட்டரியைக் கழற்றி மாட்டி, என்ன நடந்தது என்று புரிவதற்குள் குழந்தைக்கு லட்டு கொடுத்து அழுகையை அடக்கிவிட்டார்கள்.

மெனுவுக்குள் புதைக்கும்போது வரும் உண்மையான சேதம் இது. எட்டுத் தடவை அழுத்துவது தொல்லைதான், ஆனால் பழகிவிடலாம். கேமரா இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்குப் பழகவே முடியாது. அதனால் ஆட்கள் என்ன செய்தார்கள் என்றால், பெரும்பாலும் அந்த வசதியைத் தொடுவதையே விட்டுவிட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் 5டி-யின் மோட் டயலில் இருந்த ‘சி’ என்ற இடத்தில் மிரர் லாக்-அப்பையும் டைமரையும் சேர்த்துப் பதிந்து வைத்துக்கொண்டார்கள். டயலை ஒரு திருகு திருகினால் ட்ரைபாட் கேமரா, திரும்பத் திருகினால் கைக் கேமரா. நிறுவனம் தராத ஒன்றை டயலில் வாடிக்கையாளரே கட்டிக்கொண்டார்.

கேனானின் பக்கம் நியாயமே இல்லையா என்றால், கொஞ்சம் இருக்கிறது. கண்ணாடி மேலே நிற்கும்போது கேமராவைச் சூரியனை நோக்கித் திருப்பினால், லென்ஸ் குவிக்கும் வெப்பம் நேராக ஷட்டர் திரையில் விழுந்து அதைப் பொசுக்கிவிடலாம். கையேட்டிலேயே எச்சரிக்கை உண்டு. தெரியாமல் கைபட்டுவிடும் இடத்தில் இப்படி ஒரு பட்டனை வைக்க யாரும் யோசிப்பார்கள். ஆனால் அந்த நியாயத்தை மற்றவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தால் அது நிற்கவில்லை.

நிக்கான் அதே 2005-இல் விட்ட டி200-இல் ‘எம்-அப்’ என்று ஓர் இடத்தை டிரைவ் டயலிலேயே வைத்துவிட்டது. டயல் அங்கே நிற்கிறது என்றால் அது கண்ணுக்குத் தெரியும், இருட்டில் கையால் தடவினாலும் தெரியும். தவறுதலாகத் திரும்பாமல் இருக்க ஒரு பூட்டுப் பட்டன். 30 விநாடி விஷயத்தில்கூட இரண்டு நிறுவனங்களும் எதிரெதிராக யோசித்திருக்கின்றன: கேனானில் நேரம் முடிந்தால் கண்ணாடி இறங்கிவிடும், படம் இல்லை, நிக்கானில் நேரம் முடிந்தால் கேமராவே படத்தை எடுத்துவிடும். ரிமோட் கேபிளை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர்கள் இதையே டைமராகப் பயன்படுத்தலாம், அழுத்திவிட்டு அரை நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

என் கணிப்பில் எல்லோரையும்விட நன்றாக யோசித்தது பென்டாக்ஸ். 2006-இல் வந்த கே10டி-யில் 2 விநாடி டைமரைத் தேர்ந்தெடுத்தால், அழுத்திய உடனே கண்ணாடி மேலே போய்விடும், இரண்டு விநாடி கழித்துப் படம் விழும், அதோடு கேமராவுக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பும் தானாக அணைந்துவிடும். இந்தக் கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். கை நடுக்கத்தை ஈடுகட்டுவதற்காக வைத்த அமைப்பு, நடுக்கமே இல்லாத ட்ரைபாடில் இல்லாத ஆட்டத்தைத் தேடிப்போய்த் தானே ஆட ஆரம்பிக்கலாம், அதனால் அதை அணைக்கச் சொல்வார்கள், அணைக்க எல்லோரும் மறப்பார்கள். பென்டாக்ஸ்காரர்கள் அந்த மறதியையும் சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். 2 விநாடி டைமரை ஒருவர் எப்போது போடுவார்? ஓடிப்போய் குரூப் போட்டோவில் நிற்க இரண்டு விநாடி போதாது. ட்ரைபாடில் இருக்கிறார், விரல் பட்ட ஆட்டம் அடங்கக் காத்திருக்கிறார், வேறு காரணமே இல்லை. அதைப் புரிந்துகொண்டு ஒரே தேர்வில் மூன்று வேலையையும் முடித்துவிட்டார்கள்.

இது புதிய யோசனையும் இல்லை. ஃபிலிம் காலத்து நிக்கான் எஃப்எம்2-இல் செல்ஃப் டைமர் நெம்புகோலை இழுத்துவிட்டு அழுத்தினால் முதல் வேலையாகக் கண்ணாடி தூக்கிக்கொள்ளும், பிறகுதான் டைமர் கரகரவென்று ஓடும். எலெக்ட்ரானிக்ஸ் பெயரளவுக்குத்தான் இருந்த கேமரா அது. கேனானுக்கும் அதிர்வு தெரியாத விஷயம் இல்லை. கண்ணாடி அசையவே அசையாத பெல்லிக்ஸ் என்ற கேமராவை 1965-லேயே செய்தவர்கள் அவர்கள். ஒளியில் ஒரு பகுதியை உள்ளே விடுகிற மாதிரி மெல்லிய கண்ணாடியை நிரந்தரமாக நிறுத்திவிட்டார்கள், வியூஃபைண்டர் கொஞ்சம் மங்கும். இதே வித்தையை 1989-இல் இஓஎஸ் ஆர்டி-யிலும் செய்தார்கள்.

2007-இல் வந்த 40டி-யில் லைவ் வியூ நுழைந்ததும் கதை மாறியது, பாதி தற்செயலாக. திரையில் பார்க்கும்போது கண்ணாடி ஏற்கெனவே மேலேதான் இருக்கிறது. அதிலும் ‘சைலன்ட் ஷூட்டிங்’ என்று ஒரு முறை, ஷட்டரில் ஒளியைத் திறந்துவிட ஒரு திரை, மூட இன்னொரு திரை என்று இரண்டு உண்டு, இந்த முறையில் முதல் திரை ஓடுவதே இல்லை, சென்சாரை எலெக்ட்ரானிக் முறையில் தொடக்கி, முடிக்க மட்டும் நிஜத் திரை வருகிறது. அதாவது படம் பதியத் தொடங்கும் கணத்தில் கேமராவுக்குள் எதுவுமே அசைவதில்லை. மிரர் லாக்-அப்பைவிடச் சுத்தமான தீர்வு, ஆனால் பெயர் ‘சத்தமில்லாமல் எடுப்பது’. சத்தத்தைப் பற்றிக் கவலைப்படாத இயற்கைக் காட்சிக்காரர் இதை ஏன் திறந்து பார்க்கப் போகிறார்? பெயர் வைப்பதும் வடிவமைப்பில் சேர்த்திதான்.

2015-இல் 5டிஎஸ் வந்தபோதுதான் கேனான் முழுதாக இறங்கி வந்தது. கண்ணாடியை ஸ்பிரிங் விசையில் தெறிக்க விடாமல் மோட்டாரும், கேம் (cam) என்ற சுழலும் பாகமும் கொண்டு ஏற்றி இறக்கினார்கள், ட்ரைபாட் திருகும் அடிப்பக்கத்தைக் கெட்டியாக்கினார்கள், மிரர் லாக்-அப்புக்கு 1/8, 1/4, 1/2, 1, 2 விநாடி என்று இடைவெளி தேர்ந்தெடுக்க வைத்தார்கள். ஒரே அழுத்தல், கண்ணாடி எழும்பும், சொன்ன நேரம் காத்திருக்கும், படம் எடுக்கும். அந்த 1/8 எதற்கு என்று முதலில் எனக்கும் புரியவில்லை. ஸ்டுடியோவில் கனத்த ஸ்டாண்டில் ஆட்டம் அவ்வளவு சீக்கிரம் அடங்கிவிடும், அங்கே இரண்டு விநாடி காத்திருப்பது வீண். எந்த இடைவெளி உங்களுக்குப் போதும் என்பதை நான் மேலே சொன்ன விளக்குச் சோதனையே காட்டிவிடும்.

கண்ணாடியே இல்லாத கேமரா வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்தவர்களுக்கு 2013-இல் சோனி ஏ7ஆர் பதில் சொன்னது. 36 மெகாபிக்சல், கண்ணாடி கிடையாது, பேட்டரி இல்லாமல் உடம்பு 407 கிராம். 5டி 810 கிராம். கண்ணாடி இல்லாத கேமராவில் காட்சி தெரிய ஷட்டர் திறந்தே இருக்க வேண்டும், எனவே அழுத்தியதும் அது முதலில் மூடும், பிறகு படத்துக்காகத் திறக்கும், மறுபடி மூடும். அந்த முதல் மூடலும் திறப்பும் கொடுக்கும் உதறல், லேசான உடம்பில் நன்றாகவே தெரிந்தது. அதிலும் கனத்த டெலிபோட்டோவை அதைச் சுற்றியிருக்கும் காலர் என்ற வளையம் மூலம் ட்ரைபாடில் பொருத்தினால், கேமரா ஒரு முனையில் தாங்கல் இல்லாமல் தொங்குகிறது, உதறுவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டாம். வேடிக்கை என்னவென்றால் கூடவே வந்த 24 மெகாபிக்சல் ஏ7-இல் எலெக்ட்ரானிக் முதல் திரை, அதாவது 40டி-யில் பார்த்த அதே வித்தை, இருந்தது, அதிகம் தேவைப்பட்ட ஏ7ஆர்-இல் இல்லை. இங்கே பட்டனை எங்கே வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை, வசதியே கிடையாது. 2015-இல் ஏ7ஆர் II வந்தபோது சேர்த்தார்கள்.

நிக்கானும் தப்பிக்கவில்லை. 2014-இல் டி810-இல் எலெக்ட்ரானிக் முதல் திரையைக் கொடுத்தார்கள், ஆனால் அது எம்-அப் நிலையில் மட்டும்தான் வேலை செய்யும், அதற்கும் முன்னால் மெனுவில் டி5 என்ற அமைப்பில் போய் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன் கேனானைப் பார்த்துச் சிரித்தவர்கள் அதே மெனுவுக்குள் இறங்கினார்கள்.

ட்ரைபாடைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் விட்டால் அடிக்க வருவீர்கள். நடுத்தண்டை ஏற்றாதீர்கள், ஏற்றினால் அது ட்ரைபாடின் மேல் நிற்கும் ஒற்றைக்கால். லென்ஸுக்குக் காலர் இருந்தால் அதில் பொருத்துங்கள். பையைக் கொக்கியில் தொங்கவிட்டால் காற்றில் அது ஊசலாடி இன்னும் கெடுக்கும், தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். தோளில் மாட்டும் வாரைக் கழற்றிவிடுங்கள்.

இப்போது என்னிடம் இருப்பது மிரர்லெஸ். கண்ணாடி போய்விட்டது, எலெக்ட்ரானிக் முதல் திரை இருக்கிறது. ஆனால் ட்ரைபாடில் வைத்தால் 2 விநாடி டைமர் ஓர் இடம், அதிர்வுத் தடுப்பை அணைப்பது வேறொரு இடம், ஷட்டர் வகை மூன்றாவது இடம். ஷட்டரை எப்போதும் எலெக்ட்ரானிக் முதல் திரையிலேயே விட்டுவிடவும் முடியாது, பெரிய அப்பர்ச்சரில் 1/2000-க்கு மேல் போனால் பின்னணி மங்கலின் வட்டங்கள் வெட்டுப்பட்டுவிடும். அதனால் 5டி-காரர்கள் செய்ததையே நானும் செய்திருக்கிறேன்: மூன்றையும் டயலில் ‘சி3’ என்ற இடத்தில் பதிந்து, அந்த எழுத்தின் மேல் அக்கா மகளின் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டும் வைத்தாயிற்று. காதுகுத்து முடிந்து இத்தனை வருஷம் கழித்து, அந்தப் பொட்டைத் தன் கையாலேயே வைத்தது அவள்தான்.